நகம் கூறும் நலம்

(இளைஞர் மன்றத்தின் வருடாந்தக் கூட்டத்தில், தெல்தெனியாவில், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நான் வைத்தியன் அல்லன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் ஒரு மாணவன். படித்ததிலும் கண்டதிலும் எனக்கு விளங்கியவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன். பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அதை நீங்கள் எல்லோரும் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆளுக்குப் பத்து வீதம் இம்மண்டபத்தில் அது நிறைந்திருக்கிறது. நான் சொல்வது உங்கள் கைந்நகங்களைப் பற்றியே.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே திங்கட்கிழமைதோறும் காலையில் நகப் பரிசோதனை நடக்கும். மாணவர் வரிசையாக நின்று இரு கைகளையும் நீட்டவேண்டும். நகத்துக்குள் அழுக்கு இருந்தால் அடிமட்டத்தால் விரல் முட்டியில் ஓர் அடி விழும். என் வகுப்பில் மலைத்தோட்டத்திலிருந்து நடந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். சனி, ஞாயிறு நாட்களில் தாயோடு கொழுந்து பறிப்பான். தேயிலைக் கறை எவ்வளவு தேய்த்தாலும் எளிதிற் போகாது. ஆதலால் திங்கட்கிழமைகளில் அவனுக்கு அடி நிச்சயம். அன்று நாங்கள் சிரித்தோம். இன்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அவனுடைய நகங்கள் கறுத்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். அக்கறைக்குக் கீழே அவை வெளிறியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அழுக்கைத் தேடிய கண்களுக்கு நோய் தெரியவில்லை. இவ்வுரையை நிகழ்த்த என்னைத் தூண்டியது அந்த நினைவே.

நகம் என்பது யாது? முடியும், மாட்டின் கொம்பும், குதிரையின் குளம்பும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளாலேயே நகமும் ஆனது. அதற்குக் கெரற்றின் என்று பெயர். நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதி உயிருள்ளது. அங்கே பிறக்கும் உயிரணுக்கள் முன்னோக்கித் தள்ளப்பட்டு, இறுகி, உயிர் நீங்கித் தகடாகின்றன. நாம் வெட்டி எறிவது அந்த உயிரற்ற தகட்டைத்தான். ஆதலால் வலிப்பதில்லை. இரணியன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். உயிருள்ளதாலும் உயிரற்றதாலும் சாவு வரக்கூடாது என்று வரம் பெற்றவனை நரசிங்கமூர்த்தி நகத்தாற் கிழித்தார் என்பர். நகத்தின் இரட்டைத் தன்மையை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கின்றனர்!

கைந்நகம் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுவதும் புதிதாக ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். கால் நகத்துக்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ வேண்டும். அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் தம் இடக்கைப் பெருவிரல் நகத்தில் அடையாளமிட்டு, 35 ஆண்டுகள் அதன் வளர்ச்சியை அளந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீற்றராகக் குறைந்துவிட்டது என்று 1980-இல் எழுதினார். மனிதன் முதுமை அடைவதை நகமும் அறிந்திருக்கிறது!

இந்த வளர்ச்சியினால் நகம் ஒரு நாட்குறிப்பாகிறது. கடுங்காய்ச்சலோ பெருநோயோ வரும்போது வேர்ப்பகுதி சில நாள் தன் வேலையை நிறுத்திவிடும். பின்னர் உடல் தேறியதும் மீண்டும் தொடங்கும். நின்றுபோன நாட்கள் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக் கோடாகப் பதிந்து, மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகரும். 1846-இல் பிரெஞ்சு வைத்தியர் ஜோசப் போ இதனை விளக்கினார். கோடு அடியிலிருந்து எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று அளந்தால் நோய் வந்த மாதத்தைச் சொல்லிவிடலாம். 1991-இல் ஆல்ப்ஸ் மலையின் பனியிலே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதன் ஒருவனின் உடல் கிடைத்தது. அவனுடைய நகம் ஒன்றிலே மூன்று கோடுகள் இருந்தன. சாவுக்கு முந்திய சில மாதங்களில் அவன் மூன்று முறை நோயுற்றிருந்தான் என்று அறிஞர்கள் அதைக்கொண்டு கூறினர். அவன் பெயர் தெரியவில்லை, மொழி தெரியவில்லை. நோயுற்ற காலம் மட்டும் நகத்தில் எழுதப்பட்டிருந்தது.

நண்பர்களே, நம் ஊருக்கும் இதற்கும் ஓர் ஒப்புமை உண்டு. பழைய தெல்தெனியா 1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஊரின் சின்னங்கள் வெளியே தெரிகின்றன அல்லவா? உடலின் உள்ளே மூழ்கிக் கிடப்பவையும் அவ்வாறே சில வேளை நகத்திலே தலை காட்டுகின்றன.

இனி, நம் மலைநாட்டோடு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். அது கரண்டி நகம். ஆரோக்கியமான நகம் சற்று மேல்நோக்கி வளைந்து, கவிழ்த்த ஓடுபோல் இருக்கும். உடலில் இரும்புச் சத்து நீண்டகாலம் குறைந்திருந்தால் சிலருக்கு நகம் மெலிந்து, தட்டையாகி, பின் நடுவிலே குழிந்து, விளிம்பு மேலெழுந்து கரண்டிபோல் ஆகிவிடும். ஒரு துளி நீரை அதில் விட்டால் வழியாமல் நிற்கும்.

இதை நான் புத்தகத்தில் முதலிற் படிக்கவில்லை. என் அத்தையின் கையிலேதான் முதலிற் பார்த்தேன். அத்தை இந்த மலைப்பக்கத் தோட்டமொன்றிலே இருபது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். விடுமுறைக்குச் சென்றபோது எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். கோப்பையை நீட்டிய விரலிலே நகம் குழிந்திருந்தது. "அத்தே, நகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வயசாகுதுல்ல தம்பி, நகமும் தேயுது" என்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மலையேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, மற்றப் பெண்களின் அளவுக்குக் கொழுந்து நிறுக்க முடியவில்லை, நிறை குறைந்தால் பேச்சுக் கேட்கவேண்டியிருக்கிறது என்பதெல்லாம் பின்னர்தான் வெளிவந்தது. வீட்டிலே நாங்களும் அவரைச் சோம்பல் என்று கேலி செய்திருக்கிறோம். கட்டாயப்படுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். பெண்களுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய ஈமோகுளோபின், அவருக்கு 7 கிராம்தான் இருந்தது. ஒருவருடைய சோம்பல் என்று நாம் பெயரிட்டது, அவருடைய இரத்தத்தின் வறுமை.

இந்த வறுமைக்கு இங்கே ஒரு சரித்திரம் உண்டு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வெறுங்காலோடு வந்து இம்மலைகளைத் தோட்டமாக்கிய நம் முன்னோரை வாட்டிய நோய்களிலே கொக்கிப் புழு நோய் முக்கியமானது. அரிசி அளவுதான் இருக்கும் அப்புழு. சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தத்தைக் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளியிலும் துளி. ஆனால் நூற்றுக்கணக்கிற் சேர்ந்து, நாள்தோறும், ஆண்டுக்கணக்காகக் குடித்தால் மனிதனிடம் என்ன எஞ்சும்? ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் ரயில் சுரங்கம் அமைத்தபோது, தொழிலாளர் பலர் இரத்தம் வற்றி வெளிறிச் சாய்ந்தனர். 1880-இல் இத்தாலிய அறிஞர்கள் அதற்குக் காரணம் இப்புழுவே என்று கண்டனர். இது எவ்வழியாக உடலிற் புகுகிறது? எகிப்திலே ஆராய்ச்சி செய்த ஆர்தர் லூஸ் என்பவர் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தற்செயலாகக் கையிற் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்துக்கொண்டு புழு உள்ளே போகிறது என்பது 1898-இல் உலகுக்குத் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஈரமண், நிழல், வெறுங்கால், மலகூடம் இல்லாத லயங்கள். புழுவுக்கு இதைவிட நல்ல நாடு எங்கே கிடைக்கும்? 1916-இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களிலே இப்புழுவை ஒழிக்கும் வேலை தொடங்கிற்று. மருந்து குடித்தவர்கள் தேறினர். ஆனால் அதே மண்ணிலே மீண்டும் வெறுங்காலோடு நடந்தபோது மீண்டும் நோய் கொண்டனர். மருந்து மட்டும் போதாது, மலகூடமும் வேண்டும் என்பதே அவ்வியக்கம் புகட்டிய பாடம். தொழிலாளியின் உடல்நலம் அவன் குடிக்கும் மருந்திலே மட்டுமன்றி, அவனுக்குக் கட்டிக் கொடுக்கப்படும் வீட்டிலும் இருக்கிறது.

இன்று மலகூடங்கள் பெருகிவிட்டன, செருப்பும் வந்துவிட்டது, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பூச்சி மருந்து கொடுக்கப்படுகிறது. கொக்கிப் புழுவின் கொட்டம் வெகுவாக அடங்கியிருக்கிறது. ஆயினும் இரத்தசோகை நம்மை விட்டுப் போகவில்லை. பெண்களுக்கு மாதந்தோறும் குருதி போகிறது. பிள்ளைப்பேறுகள் இரும்பை எடுத்துக்கொள்கின்றன. உணவோ ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லவேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்போடு சேர்ந்து, அதை உடல் ஏற்காதபடி தடுத்துவிடுகிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், உண்ட கீரையின் இரும்பிற் பெரும் பங்கு வீணாகும். நாள் முழுதும் எக்கொழுந்தைப் பறித்தாரோ, அக்கொழுந்தே என் அத்தையின் இரும்பை அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. மலைநாட்டிலே அப்படிச் சொன்னால் என்னை யார் மதிப்பார்? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள் என்றே சொல்கிறேன். சாப்பாட்டோடு தேசிக்காய்ச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால், அவற்றின் புளிப்புச் சத்து இரும்பை உடலிற் சேர்ப்பிக்கும். முருங்கைக் கீரை, பொன்னாங்காணி, பயறு, கடலை ஆகியவை நல்லவை. புலால் உண்பவர்களுக்கு மீனும் நெத்தலிக் கருவாடும் உதவும். ஆனால் கடுமையான இரத்தசோகைக்கு உணவு மட்டும் போதாது. வைத்தியர் தரும் இரும்பு மாத்திரை வேண்டும். இரத்தம் தேறிய பின்னும் சில மாதம் அதை விடாமல் உட்கொள்ளவேண்டும். வயிறு கறுத்துப் போகிறது என்று மாத்திரையை வேலியில் எறிந்துவிடும் தாய்மார் சிலரை அறிவேன். மலம் கறுப்பது அம்மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை.

நிற்க, வேறு சில அறிகுறிகளையும் சுருக்கமாகக் கூறுகிறேன். இப்போது எல்லோரும் இரு கைகளின் சுட்டுவிரல்களையும் எடுத்து, நகமும் நகமும் முகம்பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். நகத்தின் அடிப்பக்கத்திலே சிறிய வைர வடிவான இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் நல்லது. விரல் நுனி பருத்து, நகம் கிளிமூக்குப்போல் வளைந்தவர்களுக்கு அவ்விடைவெளி மறைந்துவிடும். நாட்பட்ட நுரையீரல் நோய், பிறவி இதய நோய், நுரையீரற் புற்றுநோய் முதலியவற்றிலே இது காணப்படும். இற்றைக்கு 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வைத்தியர் இப்போக்கிரற்றீஸ் இதைக் குறித்துள்ளார். இந்த எளிய சோதனையை 1976-இல் விளக்கியவர் தென்னாபிரிக்க இதய வைத்தியர் லியோ ஷம்ரொத். அவருக்கே இதயத்தில் நோய் கண்டபோது, தம் விரல்கள் மாறுவதைத் தாமே பார்த்து இதை அறிந்தார். நோயையும் பாடமாக மாற்றிய பெருமகன்!

நகம் பெரும்பாலும் வெளுத்து, நுனியில் மட்டும் ஒடுங்கிய செந்நிறப் பட்டை இருந்தால் ஈரலை எண்ணிப் பார்க்கவேண்டும். 1954-இல் ரிச்சர்ட் டெரி என்னும் வைத்தியர், ஈரல் சுருங்கிய 100 நோயாளரில் 82 பேருக்கு இத்தகைய வெண்ணகம் இருக்கக் கண்டார். கசிப்பினால் குடும்பங்கள் அழிவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். குடிப்பவருடைய கையை ஒரு நாள் பார்த்துச் சொல்வது, மேடையிலே நூறு முறை மதுவிலக்குப் பேசுவதினும் பயன் தரலாம்.

அடிப்பாதி வெளுத்தும் நுனிப்பாதி செம்மண் நிறமாகவும் இருந்தால் அது சிறுநீரக நோயின் அடையாளமாகலாம். நம் வாசலால் மகியங்கனைக்குப் போகும் வீதி நம்மைக் கிராந்துருக்கோட்டைப் பக்கம் கொண்டு செல்கிறது. அங்கே விவசாயிகளைச் சிறுநீரக நோய் எவ்வளவு வாட்டுகிறது என்பது நீங்கள் அறிந்ததே. நகம் மாறும்வரை காத்திராமல் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதே அங்கு வழி.

நகம் நீலித்தால் இரத்தத்திற் பிராணவாயு குறைந்திருக்கலாம். நம் மலைக் குளிரிலும் விரல் நீலிக்கும்; சூடேறியதும் மாறிவிடும். மாறாவிட்டால், அல்லது உதடும் நாவும் சேர்ந்து நீலித்தால், தாமதியாமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். டெங்குக் காய்ச்சல் நோயாளரிடம் வைத்தியர்கள் இதைப் பார்ப்பது இரத்தவோட்டம் குன்றுகிறதா என்று அறியவே.

கறுப்புக் கோடு ஒன்றைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். நம்மைப்போன்ற கருநிறத்தாருக்குப் பல நகங்களிலே நெடுக்குக் கோடுகள் இருப்பது பெரும்பாலும் இயல்பே. ஆனால் ஒரே நகத்திலே புதிதாகத் தோன்றி, அகன்று, சுற்றியுள்ள தோலிலும் பரவும் கறுப்பை அசட்டை செய்யலாகாது. ஜமேக்காவின் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரலிலே, நகத்தின் கீழ் கண்ட புற்றுநோய், பந்தாட்டத்திற் பட்ட அடியென்று முதலில் எண்ணப்பட்டது. 1981-இல், 36 வயதில், அந்நோயினாலேயே அவர் மறைந்தார்.

இவ்வளவும் கேட்டபின், வீட்டுக்குப் போய் நகத்தைப் பார்த்து யாரும் நடுங்கவேண்டாம். பிள்ளைகளின் நகத்தில் தோன்றும் வெண்புள்ளிகள் சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் வந்தவை என்பர். அது தவறு, பெரும்பாலும் சிறு சிறு அடிகளின் தழும்பே அவை. கைக்குழந்தைகளின் நகம் இயல்பாகவே குழிந்திருந்து வளர வளரச் சரியாகும். வயது முதிர்ந்தவர்களின் நகத்தில் நெடுக்கு வரிகள் தோன்றுவது நரையைப்போல இயற்கை. மேலும், இரத்தசோகை உள்ள எல்லோருக்கும் நகம் குழிவதில்லை. நகம் நன்றாயிருக்கிறது ஆகையால் நோய் இல்லை என்று யாரும் துணியலாகாது. நம் சித்தவைத்தியர்கள்கூட எண்வகைத் தேர்வு என்று நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் எட்டையும் சேர்த்தே பார்த்தனர். நகம் தீர்ப்புக் கூறும் நீதிபதி அன்று. சாட்சி சொல்ல வந்த ஒருவனே. அச்சாட்சியை விசாரிக்கவேண்டியவர் வைத்தியர்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வைத்தியசாலைக்குப் போகும் நாளில் நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். விரலிற் பூட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியை 2020-இல் பரவிய கொரோனாத் தொற்றின்போது எல்லோரும் அறிந்தோம். நகப்பூச்சு அதன் கணக்கைச் சில வேளை பிழையாக்கும். மருதோன்றிச் சிவப்பும் நகத்தின் வெளிறலை மறைத்துவிடும்.

அத்தையின் கதையை முடிக்கவேண்டும். பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் தொடங்கி இரண்டு மாதம் கழித்துச் சென்றேன். நகத்தின் அடியிலே, குழியில்லாத புதுநகம் பிறைபோல் ஏறிக்கொண்டிருந்தது. முன்பாதி இன்னும் பழைய குழி. ஒரே நகத்திலே நோயும் நலமும் எல்லை பிரித்து நின்றன. ஆறு மாதத்தில் பழையது முழுவதும் வெட்டுண்டு போயிற்று. "இப்ப மலை ஏறுறது லேசா இருக்கு தம்பி. இத்தனை வருசமா எனக்கு வயசாயிருச்சுன்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றார். இத்தனை வருடம் என்ற அந்தச் சொல் என் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. ஒரு பெண்ணின் இளமையிலே பல ஆண்டுகளை, விலை மலிந்த சில மாத்திரைகள் இல்லாமையாலும், கவனித்துப் பார்ப்பார் இல்லாமையாலும் நாம் முதுமையாக்கிவிட்டோம்.

ஆகவே மன்றத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மன்றம் நடத்தும் ஞாயிறு வகுப்பிலே நகப் பரிசோதனை ஒன்றைத் தொடங்குவோம். அடிமட்டம் வேண்டாம், நல்ல பகல் வெளிச்சம் போதும். அழுக்கைக் கண்டால் சவர்க்காரம் கொடுப்போம். வெளிறலைக் கண்டால் பிள்ளையின் தாயோடு பேசி, தெல்தெனியா வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்போம். இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயின் கையை, அத்தையின் கையை, பாட்டியின் கையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நமக்குச் சோறு போட்ட கை அது. நாம் பார்க்காமலே விட்ட கையும் அதுவே.

நகத்தாற் கிள்ளக்கூடியதைக் கோடரி கொண்டு வெட்டும்வரை வளரவிடலாகாது என்பது நம் பழமொழி. நோயையும் அவ்வாறே, நகத்திலே தெரியும் காலத்திற் கிள்ளிவிடுவோம். நகமும் சதையும் போல ஒருவரையொருவர் கவனித்து வாழ்வோம்.